மலைப்பயணக் குழுவை ஆராயப் போகிறீர்களா? முறையைத் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து டிராக்கன்ஸ்பர்க் மலைக்குக் கிளம்பும் இளைஞர் குழுக்களோடு சில ஆண்டுகளாக நானும் போய் வருகிறேன். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள், அவர்களுடைய ஜூலு நண்பர்கள், ஒன்றிரண்டு ஆசிரியர்கள் என்று கலவையான கூட்டம். இவர்களில் சிலர் பட்டப்படிப்புக்காக மலைப்பயணக் குழுக்களின் ஒத்துழைப்பைப் பற்றி ஆய்வு செய்ய ஆசைப்பட்டு வந்து கேட்பார்கள். எடுத்ததும் வரும் கேள்வி, “கேள்வித்தாள் கொடுக்கலாமா, பேட்டி எடுக்கலாமா?” என்பதுதான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன் ஒரு மதிய நேரத்தை விவரிக்க வேண்டும்.

எட்டுப் பேர், பயணத்தின் மூன்றாம் நாள். கணவாயின் உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேர ஏற்றம் இருந்தது. கோடையில் அந்த மலையில் மதியத்துக்கு மேல் இடியும் மழையும் வருவது சாதாரணம். என் குறிப்பேட்டில் இருப்பது இது:

“12.40. சரிவில் நின்றோம். தெற்கே மேகம் கறுக்கிறது. தலைவர்: ‘மேலே போய்ச் சாப்பிடலாம்.’ நால்வர் பையைத் தூக்கினார்கள். கடைசியில் உட்கார்ந்திருந்த பெண் மேகத்தைப் பார்த்தாள், தலைவரைப் பார்த்தாள், ‘அண்ணா’ என்றாள். அவர் திரும்பவில்லை. அவள் ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டு எழுந்தாள். 12.43. நடை தொடங்கியது.”

மழை பிடித்துக்கொண்டது, நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று இரவு நான் கொடுத்த சிறு கேள்வித்தாளில், “எங்கள் குழுவில் யாரும் தயங்காமல் கருத்துச் சொல்லலாம்” என்ற வாக்கியத்துக்கு எட்டுப் பேருமே ஐந்துக்கு நான்கோ ஐந்தோ போட்டிருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பேட்டியில் தலைவர், “எல்லாரையும் கேட்டுத்தான் ஏறினோம்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் அவர் நினைவில் இருந்தது. அந்தப் பெண்ணிடம் என் குறிப்பைப் படித்துக் காட்டிய பிறகுதான் அவள் சொன்னாள்: “திரும்பிடலாமான்னு கேக்க வந்தேன். எல்லாரும் எழுந்துட்டாங்க. அதுக்கப்புறம் அண்ணாகிட்ட எப்படிச் சொல்றது?”

ஒரே நிகழ்வு. கேள்வித்தாள் ஒன்று சொன்னது, தலைவரின் பேட்டி இன்னொன்று சொன்னது, பக்கத்தில் நின்று பார்த்த கண் வேறொன்று சொன்னது. இதில் எது உங்களுக்கு வேண்டும் என்று தெரியாமல் முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

குழுப்பணி என்பது பெரிய மூட்டை. அப்படியே தூக்கிக்கொண்டு மலையேற முடியாது. மார்க்ஸ், மாத்தியூ, சக்காரோ என்ற மூன்று ஆய்வாளர்கள் 2001-இல் அதை மூன்றாகப் பிரித்தார்கள். இன்றும் தொடக்கத்துக்கு அது போதும். முதலாவது, வேலைக்கு முன்னும் பின்னும் நடக்கும் திட்டமிடல். மாலையில் மேப்பை விரித்து நாளைய வழியைப் பேசுவது இந்த வகை. இரண்டாவது, வேலை நடக்கும்போதே ஒருவரையொருவர் கவனித்து உதவுவது. டிராக்கன்ஸ்பர்க்கில் இருக்கும் சென்டினல் பாதையின் சங்கிலி ஏணியில் ஒருவர் இறங்கும்போது, கீழே நிற்பவர் அவருடைய காலுக்கு அடுத்த படியைக் காட்டுவது இதில் வரும். மூன்றாவது, மனிதர்களுக்கு இடையிலான உறவு. நாலாம் நாள் சோற்றைக் கருக்கியவரிடம் எரிந்து விழாமல் இருப்பது இந்தக் கணக்கு.

மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு தருணத்தைப் பிடியுங்கள். திரும்புவதா ஏறுவதா என்ற முடிவு, மெதுவாக நடப்பவருக்காக நிற்பது, சோர்ந்தவரின் சுமையைப் பிரித்துக்கொள்வது, கூடாரம் போடும் இடத்தைத் தேர்வது. “டிராக்கன்ஸ்பர்க் பயணக் குழுக்களில் ஒத்துழைப்பு எப்படி இருக்கிறது?” என்ற கேள்விக்கு எந்த முறையும் பதில் தராது. “வானிலை மாறும்போது, திரும்பலாம் என்று நினைப்பவர் அதை எப்போது சொல்கிறார், எப்போது விழுங்குகிறார்?” என்று கேட்டுப் பாருங்கள். யாரை, எந்த நேரத்தில், எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. என்னைக் கேட்டால், இந்த வேலைக்கு மட்டும் ஒரு மாதம் செலவழிக்கலாம்.

படி 2: நீங்கள் எண்ணுவது ஆட்களையா, குழுக்களையா?

இங்கேதான் நிறைய மாணவர்கள் சறுக்குகிறார்கள். ஆறு குழு, குழுவுக்கு எட்டுப் பேர் என்றால் 48 விடைத்தாள்கள் கைக்கு வரும். ஆனால் உங்கள் கேள்வி குழுவைப் பற்றியது என்றால் உங்களிடம் இருப்பது ஆறுதான். ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே மழையில் நனைந்தவர்களின் பதில்கள் ஒன்றையொன்று ஒத்துத்தான் இருக்கும். அவற்றை 48 தனித்தனிச் சாட்சிகளாகக் கணக்கில் சேர்த்தால் முடிவு இருப்பதைவிட உறுதியாகத் தோன்றும். தனிநபரையும் குழுவையும் சேர்த்துக் கணக்கிடப் பல்மட்டப் பகுப்பாய்வு என்று ஒரு வழி உண்டு. ஆனால் அதற்கு ஆறு குழு மிகக் குறைவு.

குழு ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் வருந்த வேண்டாம். அதைத் தனிநேர்வு ஆய்வாகச் செய்யுங்கள். ஒரே குழுவை ஆழமாகப் பார்த்து, இது இப்படி நடந்தது என்று காரணத்தோடு காட்டினால் அது முழுமையான ஆய்வுதான். சராசரியும் தசமப் புள்ளியும் அங்கே தேவையில்லை.

படி 3: எப்போது அளப்பது?

குழு ஒவ்வொரு நாளும் மாறுகிறது. டக்மன் என்ற உளவியலாளர் 1965-இல் சொன்ன உருவாதல், மோதல், ஒழுங்குபடல், செயல்படல் என்ற நான்கு கட்டங்கள் எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கும். ஐந்தாவதாகக் கலைதல் என்பது 1977-இல் சேர்ந்தது. அவர் மலைப்பயணங்களைப் பார்த்து அதை எழுதவில்லை. ஏற்கெனவே வெளிவந்த கட்டுரைகளை, அதிலும் பெரும்பாலும் சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றியவற்றை, தொகுத்துப் பார்த்து எழுதினார். ஆகவே முதல் நாள் உருவாதல், இரண்டாம் நாள் மோதல் என்று உங்கள் பயணத்தை அதற்குள் திணிக்காதீர்கள்.

வெளியுலகத் தொடர்பு இல்லாமல் குழுவாக நெடுநாள் தங்கும் பயணங்களுக்கு இன்னொரு கருத்து உண்டு. பாதி தாண்டிய பிறகு, மூன்றாவது கால் பகுதியில் மனநிலை சரியும் என்று பெக்டெல், பெர்னிங் என்ற ஆய்வாளர்கள் 1991-இல் சொன்னார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் சில அதை ஒத்துக்கொண்டன, சில இல்லை. ஐந்து நாள் பயணத்தில் இதைத் தேடுவது வீண். அண்டார்டிகாவில் இருக்கும் சானே 4 நிலையத்திலும் மரியன் தீவிலும் தென்னாப்பிரிக்கக் குழுக்கள் ஓராண்டுக்கும் மேலாகத் தங்கி வேலை செய்கின்றன. அந்த மாதிரிக் குழுக்களை ஆராய்பவர் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

குறுகிய பயணத்துக்கு நான் சொல்வது: புறப்படும் முன் ஒரு முறை, ஒவ்வொரு இரவும் மிகச் சுருக்கமாக, திரும்பிய இரண்டு வாரத்துக்குள் ஒரு முறை.

படி 4: கையில் இருக்கும் முறைகள்

பங்கேற்று நோக்குதல். கேள்வி தருணத்தைப் பற்றியது என்றால் இதற்கு ஈடு இல்லை. மலையில் நீங்கள் எட்ட நின்று பார்க்கும் ஆய்வாளராக இருக்க முடியாது. பையும் சுமக்க வேண்டும், பாத்திரமும் கழுவ வேண்டும். ஆனால் தலைவராக மட்டும் போகாதீர்கள். முடிவெடுப்பவரே முடிவை நோக்க முடியாது.

நான் குறிப்பெடுப்பது பென்சிலால். நனைந்தாலும் குளிர்ந்தாலும் அது எழுதும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நேரத்தைப் போட்டு நாலு சொல் கிறுக்கிவிட்டு, இரவு ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் விரிவாக எழுதிவிடுவேன். மறுநாள் காலை வரை தள்ளிப்போட்டால் பாதி போய்விடும். இடது பக்கத்தில் கண்டதும் கேட்டதும், வலது பக்கத்தில் நான் நினைத்தது. மேலே கொடுத்த 12.40 குறிப்பில் “அவள் பயந்தாள்” என்று ஒரு வார்த்தையும் கிடையாது என்பதைக் கவனியுங்கள். பயந்தாளா என்பது வலது பக்கச் சங்கதி. இடது பக்கத்தில் ஷூ கயிறுதான் இருக்கிறது. பேட்டியில் அவளுக்கு எல்லாவற்றையும் நினைவுபடுத்தியதும் அந்தக் கயிறுதான்.

நாள் முழுக்க எல்லாவற்றையும் எழுத முயலாதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த வகைத் தருணம் வரும்போதெல்லாம் எழுதுங்கள். யார் முதலில் பேசினார், யார் பேசவில்லை, யார் யாரைப் பார்த்தார், எத்தனை நிமிடத்தில் முடிந்தது. இரண்டு பேர் தனித்தனியாக நோக்கி எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தால் ரொம்ப நல்லது.

இரவுக் குறிப்பு. ஒவ்வொருவரும் தாமே எழுதுவது. சாப்பிட்டுத் தட்டைக் கழுவி, ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழைவதற்கு முன் கிடைக்கும் ஐந்து நிமிடம்தான் உங்களுக்கு உள்ள நேரம். மூன்று கேள்விக்கு மேல் போனால் விரல் விறைத்தவர்கள் ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவார்கள். “இன்று நீங்கள் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா?” என்பதைக் கட்டாயம் சேர்ப்பேன். அன்றைய மதியத்துக்குப் பிறகு சேர்த்த கேள்வி இது. எட்டுப் பேர், ஐந்து இரவு என்றால் 40 குறிப்புகள் சேரும். ஒரு மாணவர் தனியாளாகக் கையாளக்கூடிய அளவு.

பேட்டி. அபிப்பிராயத்தைக் கேட்காதீர்கள், நிகழ்வைக் கேளுங்கள். ஃபிளானகன் 1954-இல் எழுதிய முக்கிய நிகழ்வு முறை இதற்குத் தோதானது. இரண்டாம் உலகப் போர்க்கால விமானப் படை ஆய்வுகளிலிருந்து வளர்ந்த முறை அது. “உங்கள் குழு நல்ல குழுவா?” என்றால் நல்ல குழு என்பார்கள். “மூன்றாம் நாள் மதியம் சரிவில் நின்றபோது என்ன நடந்தது? முதலில் இருந்து சொல்லுங்கள்” என்றால் கதை வரும். அன்றைய போட்டோவையோ ஜி.பி.எஸ். பாதையையோ முன்னால் வைத்துக்கொண்டு பேசினால் நினைவு இன்னும் திறக்கும்.

பேட்டிக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு: முடிவு தெரிந்த பிறகு மனிதர்கள் தொடக்கத்தையே மாற்றி நினைவு வைத்துக்கொள்வார்கள். 1996 மே 10, 11 தேதிகளில் எவரெஸ்ட்டில் புயலில் எட்டுப் பேர் இறந்தார்கள். திரும்ப வேண்டிய நேரம் கடந்தும் பலர் ஏறிக்கொண்டிருந்தார்கள். கேஸ் என்ற ஆய்வாளர் 2004-இல் அதை ஆராய்ந்து, இலக்கைப் பிடித்துக்கொண்டு விடமுடியாமல் போவது குழுவின் கற்கும் திறனையே குலைக்கிறது என்று வாதிட்டார். அவருக்குக் கிடைத்ததெல்லாம் பிழைத்தவர்கள் பிற்பாடு எழுதியதும் சொன்னதும்தான். அதே பருவத்தில் தென்னாப்பிரிக்காவின் முதல் எவரெஸ்ட் குழு, அடிவார முகாமை எட்டும் முன்பே பிளந்து, அனுபவமுள்ள மூவர் விலகினார்கள். ஏன் என்பதற்கு, விலகியவர்கள் சொன்னதும் தொடர்ந்தவர்கள் சொன்னதும் ஒன்றல்ல. பின்னோக்கிக் கேட்டு மட்டும் இதைத் தீர்க்க முடியாது. ஆனால் ஒவ்வொருவரும் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதே உங்கள் கேள்வியானால், இந்த வேறுபாடுதான் உங்கள் சரக்கு.

தனித்தனியாகப் பேசிவிட்டு அப்புறம் குழுவாகப் பேசுங்கள், வரிசையை மாற்ற வேண்டாம். டர்பனில் பிறந்த நம் பிள்ளைகள் பேசுவது ஆங்கிலத்தில்தான். இருந்தாலும் அண்ணா, அக்கா என்ற சொற்கள் தமிழில் தங்கிவிட்டன. அந்தச் சொற்களோடு வரும் அடக்கமும் கூடவே தங்கிவிட்டது. அண்ணா ஒன்று சொன்ன பிறகு தங்கை வேறு சொல்ல மாட்டாள், அது பேட்டி அறையானாலும் சரி, கணவாயானாலும் சரி. இன்னொரு நடைமுறை விஷயம்: ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நாலு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். ஆங்கிலமும் ஜூலுவும் கலந்து வந்தால் இன்னும் கூடும். திட்டம் போடும்போதே அந்த நாட்களை ஒதுக்குங்கள்.

கேள்வித்தாள். பல குழுக்களை ஒப்பிட வேண்டுமென்றால் இதுதான் வழி. புதிதாக உருவாக்காமல் ஏற்கெனவே சோதித்த ஒன்றை எடுங்கள். பயமில்லாமல் பேச முடிகிறதா என்பதற்கு எட்மண்ட்சன் 1999-இல் தந்த ஏழு வாக்கியங்கள் உண்டு. குழுப் பிணைப்புக்கு கேரனும் உடனிருந்தவர்களும் 1985-இல் தந்த 18 வாக்கியங்கள் உண்டு. பின்னது விளையாட்டு அணிகளுக்காக எழுதப்பட்டது. “போட்டி” என்பதைப் “பயணம்” என்று மாற்றினால் மாற்றியதை அறிக்கையில் சொல்லிவிட வேண்டும். மொழிபெயர்ப்பதானால் ஒருவர் பெயர்த்ததை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திருப்பிப் பெயர்த்து ஒப்பிட வேண்டும். தமிழ்ப் பற்றின் காரணமாகத் தமிழில் கொடுக்காதீர்கள். பதில் சொல்பவருக்கு எது சரளமோ அந்த மொழியில் கொடுங்கள். எட்டுப் பேரின் சராசரி 4.3 என்று எழுதுவதைவிட, எட்டு எண்களையும் அப்படியே காட்டுவது நேர்மை.

உறவு வரைபடம். மொரேனோ 1934-இல் பிரபலமாக்கியது. “நாளைய கடினமான இறக்கத்தில் உங்களுக்கு முன்னால் யார் போக வேண்டும்?” என்று கேட்டு அம்புக்குறிகளாக வரைவது. ஒவ்வொருவரும் மற்ற எல்லோரையும் மதிப்பிட்டால் எட்டுப் பேருக்கு 56 அம்புகள். முதல் நாளும் கடைசி நாளும் எடுத்து ஒப்பிட்டால் நிறையத் தெரியும். ஆனால் யாரும் தேர்ந்தெடுக்காத ஒருவர் எப்போதும் இருப்பார். அந்தப் படம் குழுவின் கண்ணில் படவே கூடாது.

கடிகாரம், கேமரா வகையறா. ஜி.பி.எஸ். கடிகாரங்கள் முன்னால் போனவருக்கும் பின்னால் வந்தவருக்கும் இருந்த இடைவெளியைத் துல்லியமாகச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தலையில் மாட்டிய கேமரா முன் யாரும் இயல்பாகப் பேசுவதில்லை.

மலைக்கே போக முடியாதவர்கள் பழைய ஆவணங்களை ஆராயலாம். அண்டார்டிகாவுக்குப் போன ஷேக்கிள்டனின் என்ட்யூரன்ஸ் கப்பல் 1915-இல் பனிக்கட்டியில் நசுங்கி மூழ்கியபோது அந்தப் பயணக் குழுவில் இருந்த 28 பேரில் பலர் நாட்குறிப்பு எழுதினார்கள். ஒரே நாளைப் பற்றி இரண்டு நாட்குறிப்புகள் என்ன சொல்கின்றன என்று ஒப்பிடுவது நல்ல பயிற்சி.

படி 5: எதை எதோடு சேர்ப்பது?

ஒரே ஆள், ஒரே பயணம்: நோக்குதல், இரவுக் குறிப்பு, தனிப்பேட்டி. இந்த மூன்றும் ஒன்றையொன்று சரிபார்க்கும். பத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் கிடைத்தால் கேள்வித்தாளை முன்னால் வையுங்கள். அதில் மிக வேறுபட்டு நிற்கும் இரண்டு குழுக்களை மட்டும் பேட்டி எடுங்கள். நாலு ஆய்வு முறைகளுக்கு மேல் சேர்க்க வேண்டாம். குழு நடப்பதை விட்டுவிட்டு உங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தால், நீங்கள் ஆராய வந்த குழு அங்கே இருக்காது.

படி 6: ஒப்புதலும் பாதுகாப்பும்

பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வரும்வரை ஒரு வரியும் சேகரிக்கக் கூடாது. அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டு, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. உடல்நலம், இனம், மதம் பற்றிய தகவல்களுக்கும் 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவல்களுக்கும் அதில் கூடுதல் கட்டுப்பாடு உண்டு. பிள்ளைகள் என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். மலைப் பூங்காவை நிர்வகிக்கும் எசெம்வெலோ அமைப்பிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

படிவத்தில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று எழுதியிருக்கும். 3,000 மீட்டர் உயரத்தில் விலகி எங்கே போவது? ஆகவே, பயணத்தில் தொடர்ந்துகொண்டே ஆய்விலிருந்து மட்டும் விலகும் வழி இருக்க வேண்டும். “இன்று என்னைப் பற்றி எழுதாதீர்கள்” என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.

ஆபத்து வருவதை நீங்கள் பார்த்தால் வாயைத் திறப்பீர்களா, நோக்குபவராகவே இருப்பீர்களா? இதைக் கிளம்பும் முன்பே எழுதி வையுங்கள். என் விதி: மின்னல், ஆறு, உடல் குளிர்ந்து நடுங்குவது ஆகிய மூன்றில் எது வந்தாலும் ஆய்வை நிறுத்திப் பேசிவிடுவேன். அன்று 12.40-க்கு மேகம் தூரத்தில் இருந்தது என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். இன்றைக்கு என்றால் பேசியிருப்பேன்.

படி 7: ஒரு நாள் ஒத்திகை

டிராக்கன்ஸ்பர்க்கின் ராயல் நேட்டல் பகுதியில் இருக்கும் துகேலா பள்ளத்தாக்கு நடை போக வர 14 கிலோமீட்டர் அளவுதான். இரவுத் தங்கல் இல்லை. நடுவில் ஆற்றைக் கடப்பதும் ஏணி ஏறுவதும் உண்டு என்பதால் முடிவெடுக்கும் தருணங்களுக்குக் குறைவில்லை. குறிப்பேடு பையில் எந்தப் பக்கம் இருந்தால் உடனே கைக்கு வரும் என்பது முதற்கொண்டு அங்கே தெரிந்துவிடும்.

படி 8: பகுப்பாய்வு

பெரிய தாள் ஒன்றில் நெடுக நிகழ்வுகளையும் குறுக்கே மூலங்களையும் எழுதுங்கள்: நோக்கல், இரவுக் குறிப்பு, தலைவர் பேட்டி, மற்றவர் பேட்டி. கட்டங்களை நிரப்பும்போது எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்பது பளிச்சென்று தெரியும். முரண்படும் இடத்தை மழுப்பாதீர்கள். அதிலிருந்துதான் ஆய்வுரையின் நல்ல அத்தியாயம் வரும். அப்புறம் பிரான், கிளார்க் இருவரும் 2006-இல் விளக்கிய பொருள்வாரிப் பகுப்பாய்வின்படி வரிகளுக்குக் குறியிட்டு, குறிகளைத் தொகுத்து, கருப்பொருளாக வளர்த்தெடுக்கலாம்.

எழுதும்போது பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். எட்டுப் பேர் கொண்ட குழுவில் “கடைசியில் நடந்த பெண்” என்றாலே மற்ற ஏழு பேருக்கும் யாரென்று தெரியும். வெளியாருக்கு மறைப்பது ஒன்று, உள்ளே இருப்பவர்களுக்கு மறைப்பது வேறொன்று; இரண்டாவது பெரும்பாலும் முடியாது. அதனால் மேற்கோள் காட்டும் ஒவ்வொரு பகுதியையும் உரியவரிடம் முதலில் காட்டுங்கள். இங்கே எழுதிய 12.40 குறிப்பை முதலில் அந்தப் பெண்ணிடம் காட்டினேன். அவள் சரி என்ற பிறகுதான் தலைவரிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. “நான் திரும்பியே பார்க்கலையா?” என்று கேட்டார். பிறகு, போடுங்கள் என்றார். அடுத்த பயணத்துக்கு முன் இதைக் குழுவிடம் தானே படித்துக் காட்டுவதாகவும் சொன்னார்.